கார்டு காட்டினால் திறக்கும் கதவு, ஆபத்தில் திறக்குமா? பூட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர் கணக்கு!

ஐ.டி அலுவலகம், வங்கி, மருத்துவமனை ஐ.சி.யூ, பெண்கள் விடுதி, அப்பார்ட்மென்ட் லாபி, கோச்சிங் சென்டர் என்று எங்கே போனாலும் சாவி போடும் கதவுகள் குறைந்துவிட்டன. கார்டைக் காட்டினால், அல்லது விரலை வைத்தால் 'பீப்' என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு பச்சையாகும். 'டக்' என்று கதவு விடுபடும். உள்ளே போய்விடலாம்.

உள்ளே போவது சரி. அவசரம் என்றால் வெளியே வர முடியுமா?

2024 ஜூலை 27-ம் தேதி, டெல்லி ஓல்டு ராஜேந்தர் நகரில் ஓர் ஐ.ஏ.எஸ் பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அடித்தளத்தில் இயங்கிய நூலகத்தின் பயோமெட்ரிக் கதவு, தண்ணீர் புகுந்ததும் சிக்கிக்கொண்டது என்று அப்போது செய்திகள் வெளியாயின. வடிகால் பிரச்னை, அடித்தளத்தை நூலகமாகப் பயன்படுத்தியது என்று அந்த விபத்துக்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஆனால், எலெக்ட்ரானிக் பூட்டு போட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் அது ஒரு கேள்வியை விட்டுச்சென்றது: ஆபத்து நேரத்தில் இந்தக் கதவு யார் பக்கம் நிற்கும்?

இதற்கான பதில் கார்டிலும் இல்லை, சாஃப்ட்வேரிலும் இல்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ, எலெக்ட்ரிக்கல் ரூம் சுவரிலோ மாட்டியிருக்கும் ஓர் இரும்புப் பெட்டிக்குள், எந்த ஒயரை எந்த ஸ்க்ரூவில் முறுக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

ஒரு சாதாரண அலுவலகக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி ஆறு பொருள்கள் இருக்கும்.

வெளிப்பக்கம் கார்டு அல்லது விரல்ரேகையைப் படிக்கும் ரீடர். கதவின் தலைப்பகுதியில் பூட்டு. கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்லும் சின்னக் காந்த சென்சார். உள்பக்கம் வெளியேறுவதற்கான எக்ஸிட் பட்டன். இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் பவர் சப்ளையும் அதோடு சேர்ந்த பேட்டரியும். இவை எல்லாவற்றின் ஒயர்களும் வந்து சேரும் இடம்தான் கன்ட்ரோல் பேனல்.

ரீடர், கார்டின் எண்ணைப் படித்துப் பேனலுக்கு அனுப்பும். 'இவர் இந்த நேரத்தில் உள்ளே வரலாமா?' என்று பேனல் தன் பட்டியலைப் பார்க்கும். வரலாம் என்றால், ரிலே எனப்படும் ஒரு குட்டி சுவிட்சைச் சில விநாடிகள் தட்டும். அந்த ரிலே பூட்டின் மின்சாரத்தை வெட்டும், அல்லது கொடுக்கும். கதவு திறக்கும்.

செலவைக் குறைக்க, பேனலே இல்லாமல் ரீடருக்குள்ளேயே எல்லாம் அடங்கிய மெஷின்களையும் பலர் மாட்டுகிறார்கள். சிறிய கடை, விடுதி, கிளினிக் போன்ற இடங்களில் இதுதான் அதிகம். இதில் ஒரு சிக்கல் உண்டு. கதவைத் திறக்கும் ரிலே, கதவுக்கு வெளியே தொங்குகிறது! விஷயம் தெரிந்த ஒருவர் மெஷினைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னால் இருக்கும் எக்ஸிட் பட்டன் ஒயர்கள் இரண்டையும் தொட வைத்தால் போதும், கார்டே இல்லாமல் கதவு திறந்துவிடும். அதனால்தான் ரீடர் மட்டும் வெளியே, முடிவெடுக்கும் பேனலும் ரிலேயும் பாதுகாப்பான உள்பக்கம் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். மெஷின் வெளியேதான் இருக்கும் என்றால், ரிலேவை மட்டுமாவது உள்ளே வைக்கும் தனி மாட்யூல்கள் கிடைக்கின்றன.

பூட்டில் இரண்டு ரகம்

மின்சாரம் போனால் திறந்துகொள்ளும் பூட்டு ஒரு ரகம். இதை ஃபெயில் சேஃப் என்பார்கள். மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும் பூட்டு இன்னொரு ரகம். இது ஃபெயில் செக்யூர்.

நம் ஊர் அலுவலகங்களில் கதவின் மேலே நீளமாக, வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை இருக்கிறதே, அது மேக்னெட்டிக் லாக். முதல் ரகம். உள்ளே இருப்பது ஒரு மின்காந்தம். மின்சாரம் ஓடும்வரை கதவில் இருக்கும் இரும்புத் தகட்டை இழுத்துப் பிடித்திருக்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ரகம் சுமார் 280 கிலோ விசையில் பிடிக்கும். ஆள் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. மின்சாரத்தை வெட்டினால் அந்த நொடியே விட்டுவிடும்.

ஃபெயில் செக்யூர் ரகப் பூட்டுகளைச் சர்வர் ரூம், ஸ்டோர் ரூம் போன்ற இடங்களில் பார்க்கலாம். கரன்ட் போனாலும் வெளியாள் நுழைய முடியாது. ஆனால், இதைப் போடும் இடத்தில் உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகியே வெளியே வரும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் கைப்பிடிக்குக் கரன்ட்டும் வேண்டாம், கார்டும் வேண்டாம்.

பேனலில் ரிலேவுக்குப் பக்கத்தில் மூன்று ஸ்க்ரூக்கள் இருக்கும். நடுவில் காமன். ஒரு பக்கம் என்.சி, அதாவது சாதாரண நேரத்தில் இணைந்திருப்பது. மறுபக்கம் என்.ஓ, சாதாரண நேரத்தில் பிரிந்திருப்பது. மேக்னெட்டிக் லாக்கின் ஒயர் காமனிலும் என்.சி-யிலும் போக வேண்டும். ஃபெயில் செக்யூர் பூட்டின் ஒயர் காமனிலும் என்.ஓ-விலும் போக வேண்டும். மாற்றிப் போட்டால் நாளெல்லாம் கதவு திறந்தே கிடக்கும், கார்டு காட்டும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும்! புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் வாரத்தில் பார்க்கும் வேடிக்கை இது.

'கரன்ட் போனா கதவு தானா திறந்துடும்!' - நிஜமா?

மேக்னெட்டிக் லாக் இருக்கும் இடங்களில் பலரும் சொல்லும் ஆறுதல் இது. பாதிதான் உண்மை.

பூட்டுக்குப் போகும் மின்சாரம் நின்றால் கதவு திறக்கும். ஆனால், தெருவில் கரன்ட் போனால் பூட்டுக்குப் போகும் மின்சாரம் நிற்பதில்லை. பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறதே! பொதுவாகப் போடுவது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. ஒரு மேக்னெட்டிக் லாக் சுமார் அரை ஆம்பியர் எடுக்கும். பேனலும் ரீடரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம். மொத்தம் 0.8 ஆம்பியர் என்று வைத்தால், கணக்குப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் பேட்டரி தாங்கும். நடைமுறையில் சில மணி நேரம் குறையலாம். அதுவரை கதவு பூட்டியேதான் இருக்கும்.

திருடன் மெயினை அணைத்துவிட்டு நுழையக் கூடாது என்பதற்காக வைத்த பேட்டரி இது. தவறில்லை. ஆனால், தீ பிடித்து, யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அதே பேட்டரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

'எக்ஸிட் பட்டன் இருக்கிறதே' என்று கேட்கலாம். பல இடங்களில் அந்தப் பட்டன் பூட்டை நேரடியாகத் தொடுவதில்லை. பட்டனின் இரண்டு ஒயர்களும் பேனலுக்குப் போகின்றன. 'ஒருவர் வெளியே போக நினைக்கிறார்' என்று பேனலுக்கு அது ஒரு கோரிக்கை அனுப்புகிறது. பேனல்தான் பூட்டைத் திறக்கிறது. பேனல் ஹேங்க் ஆகியிருந்தால்? உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால்? கோரிக்கையைக் கேட்க ஆளில்லை.

ஒரே லூஸ் ஸ்க்ரூ, இரண்டு விளைவுகள்

பேனலுக்குள் ஓர் ஒயர் லூஸாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?

அது மேக்னெட்டிக் லாக்குக்குப் போகும் ஒயர் என்றால், பூட்டுக்கு மின்சாரம் போகாது. கதவு திறந்துகொள்ளும். யாராவது உடனே பார்ப்பார்கள், போன் செய்வார்கள், மெக்கானிக் வருவார். பிரச்னை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அதே லூஸ் கான்டாக்ட், எக்ஸிட் பட்டனின் ஒயரில் வந்தால்? பட்டனை அழுத்தினாலும் சிக்னல் போகாது. கதவு பூட்டியே இருக்கும். அலுவலகம் முழுக்க ஆட்கள் இருக்கும்போது நடந்தால் சிரித்துவிட்டு வேறு வழியாகப் போவார்கள். இரவு ஷிஃப்டில் தனியாக ஒருவர் இருக்கும்போது நடந்தால் சிரிக்க முடியாது.

மூன்றாவது வகை இன்னும் மோசம். தீ எச்சரிக்கை அமைப்பிலிருந்து வரும் ஒயர். 'தீ' என்றதும் எல்லா பூட்டுகளும் விடுபட வேண்டும் என்பதற்காகவே அந்த இணைப்பு. அதை, தீயின்போது மட்டும் இணையும் என்.ஓ முறையில் போட்டிருந்தால், ஒயர் நடுவில் அறுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. எலி கடித்த ஒயர், ஏ.சி வேலைக்கு வந்தவர் தெரியாமல் வெட்டிய ஒயர், எல்லாம் அமைதியாகக் காத்திருக்கும். உண்மையிலேயே தீ பிடிக்கும் அன்றுதான் விஷயம் வெளியே வரும்.

அதனால், உயிர் காக்கும் இணைப்புகளை எப்போதும் இணைந்தே இருக்கும் என்.சி முறையில் போடுவதுதான் பாதுகாப்பு. ஒயர் அறுந்தால், அறுந்த கணமே கதவு திறந்துகொள்ளும். தொந்தரவுதான். ஆனால், அந்தத் தொந்தரவுதான் பழுதைக் காட்டிக்கொடுக்கும். எந்த ஒயர் எப்போது அறுந்தாலும் அது ஆளை அடைக்கும் பக்கம் போகாமல், விடுவிக்கும் பக்கமே போக வேண்டும். இந்த வேலையின் மொத்த நியாயமும் இந்த ஒரு வரிதான்.

பச்சைப் பெட்டி எங்கே?

இதே நியாயத்தில் வந்ததுதான் எமர்ஜென்சி டோர் ரிலீஸ். சுவரில் பச்சை நிறத்தில், கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்ட சின்னப் பெட்டி. தகட்டை அழுத்தினால் பூட்டு விடுபடும்.

இதன் ஒயரிங் ரொம்ப முக்கியம். பவர் சப்ளையிலிருந்து பூட்டுக்குப் போகும் அதே ஒயரின் நடுவில் இந்தப் பெட்டி உட்கார வேண்டும். அழுத்தினால் அந்த ஒயரே இரண்டாகப் பிரியும். பேனல் வேலை செய்கிறதா, சாஃப்ட்வேர் என்ன சொல்கிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கே இடமில்லை. மின்சாரம் பூட்டை எட்டாது, அவ்வளவுதான்.

சில இடங்களில் பச்சைப் பெட்டியின் ஒயரையும் கொண்டுபோய்ப் பேனலின் எக்ஸிட் பட்டன் ஸ்க்ரூவிலேயே சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஒயர் இருக்கிறது, புதிதாகக் கேபிள் இழுக்க வேண்டாம் என்பது காரணம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அழுத்தினால் கதவும் திறக்கும், பேனல் நன்றாக இருக்கும்வரை. பேனல் செயலிழந்தால் அந்தப் பச்சைப் பெட்டி வெறும் அலங்காரம்.

146 உயிர்கள் எழுதிய விதி

பூட்டிய கதவு உயிரைப் பறித்த கதைகள் எலெக்ட்ரானிக் பூட்டுகளுக்கு முன்பே இருக்கின்றன. 1911 மார்ச் 25 அன்று, நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஷர்ட்வெயிஸ்ட் ஆடைத் தொழிற்சாலையில் தீ பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள், பிழைப்பு தேடிக் குடியேறியவர்கள். ஒன்பதாவது தளத்தில் படிக்கட்டுக்குப் போகும் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிக்க வசதியாக, ஒரே வழியாக அனுப்பும் பழக்கம் அங்கே இருந்தது. அந்தத் தீ விபத்துக்குப் பிறகு, 1913-ல் அமெரிக்காவின் தேசிய தீ பாதுகாப்புச் சங்கம் உயிர்ப் பாதுகாப்புக்கென்றே ஒரு குழுவை அமைத்தது. வெளியேறும் வழிகள் பற்றிய அந்நாட்டின் விதிமுறைகள் அங்கிருந்துதான் வளர்ந்தன.

இந்தியாவிலும் அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்திருக்கிறோம். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். பால்கனியிலிருந்து வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தது அதில் பெரிய குற்றச்சாட்டு.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன் நான்காம் பகுதி, தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. எலெக்ட்ரானிக் பூட்டு வந்துவிட்டதால் இந்த நியாயம் மாறிவிடுவதில்லை. கார்டும் விரல்ரேகையும்கூட சாவிதானே?

கேபிளிலும் இருக்கிறது கணக்கு

இணைப்பு சரியாக இருந்தாலும் கேபிள் தவறாக இருந்தால் வேலை கெடும். அடிக்கடி நடப்பது இது: நெட்வொர்க் வேலைக்கு வாங்கிய கேட்-5இ கேபிள் மிச்சம் இருக்கிறது. அதையே பூட்டுக்கும் இழுத்துவிடுவார்கள்.

அந்தக் கேபிளுக்குள் இருக்கும் ஒயர் முடி மாதிரி மெல்லியது. பேனலிலிருந்து பூட்டு 50 மீட்டர் தூரம் என்றால், மின்சாரம் போய்த் திரும்ப மொத்தம் 100 மீட்டர். இந்த நீளத்தில் ஒரு ஜோடி கேட்-5இ ஒயரின் மின்தடை சுமார் 8.4 ஓம். அரை ஆம்பியர் எடுக்கும் பூட்டின் மின்தடை 24 ஓம். கணக்குப் போட்டால், 12 வோல்ட் கிளம்பினாலும் பூட்டுக்குப் போய்ச் சேருவது 9 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. காந்தத்தின் பிடி தளர்ந்துவிடும். பலமாகத் தள்ளினால் கதவு விட்டுவிடலாம்.

அதே தூரத்துக்கு வீட்டு ஒயரிங்கில் பயன்படுத்தும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரைப் போட்டால் மின்தடை சுமார் 1.2 ஓம்தான். பூட்டுக்கு 11.4 வோல்ட் போய்ச் சேரும். பூட்டுக்குத் தடிமனான ஒயர், சிக்னலுக்கு மெல்லிய ஒயர். இதுதான் எளிய சூத்திரம்.

ரீடரின் கேபிளுக்குக் கணக்கு வேறு. பல ரீடர்களில் இன்னும் இருப்பது வீகண்ட் என்ற பழைய முறை. சிவப்பு ஒயர் மின்சாரம், கறுப்பு கிரவுண்ட், பச்சை டேட்டா ஜீரோ, வெள்ளை டேட்டா ஒன். பச்சையும் வெள்ளையும் மாறிவிட்டால் ரீடர் 'பீப்' அடிக்கும், ஆனால் கார்டு எண் தப்பாகப் போவதால் பேனல் கதவைத் திறக்காது. இந்த முறையில் கேபிள் சுமார் 150 மீட்டர்வரை போகலாம். அதற்கும் மேல் என்றால் ஆர்.எஸ்-485 முறை. அது சுமார் 1,200 மீட்டர்வரை தாங்கும். ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு வரிசையாகப் போக வேண்டும். நட்சத்திரம் மாதிரி கிளை பிரிக்கக் கூடாது. வரிசையின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும்.

வீகண்ட் முறையில் கார்டு எண் எந்த ரகசியப் பூட்டும் இல்லாமல் அப்படியே ஒயரில் ஓடும். நடுவில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் எண்ணைத் திருடிவிடலாம். அதற்கு மாற்றாக வந்திருக்கும் ஓ.எஸ்.டி.பி என்ற முறை 2020-ல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இதில் ரீடருக்கும் பேனலுக்கும் நடுவே போகும் தகவலை மறைகுறியாக்கி அனுப்ப முடியும். புதிதாகப் போடுபவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

எந்த முறையானாலும், சிக்னல் கேபிளை 230 வோல்ட் ஒயர் போகும் அதே பைப்பில் சேர்த்து இழுக்கக் கூடாது. கேபிளின் மேல் உறையாக இருக்கும் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும், வழக்கமாகப் பேனல் பக்கம். இரண்டு முனையிலும் செய்தால், இரைச்சலைத் தடுக்க வேண்டிய ஷீல்டே இரைச்சலைக் கொண்டுவரும் பாதையாகிவிடலாம்.

ஆறு மில்லிமீட்டரில் இருக்கும் தொழில்

கேபிளை இழுத்து முடித்த பிறகு வருவதுதான் டெர்மினேஷன். ஒயரின் முனையைச் சீவி ஸ்க்ரூவுக்குள் செருகி இறுக்கும் வேலை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும். நாளைக்கு வரும் பழுதுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

முனையில் உரிக்க வேண்டியது பொதுவாக ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர். அதிகம் உரித்தால் செம்பு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து ஒயரைத் தொடும். குறைவாக உரித்தால் ஸ்க்ரூ செம்பைப் பிடிக்காமல் பிளாஸ்டிக் உறையைப் பிடிக்கும். இரண்டாவது ரொம்ப மோசமானது. முதல் நாள் வேலை செய்யும், மூன்று மாதம் கழித்து விட்டு விட்டு வரும்.

பல்லால் கடித்தோ பிளேடால் சீவியோ உரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளில் நாலைந்து வெட்டுப்பட்டுவிடும். அதற்கென்று இருக்கும் ஸ்ட்ரிப்பரைப் பயன்படுத்துவதே சரி. பல இழை ஒயரின் முனையில் ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயை மாட்டி, கிரிம்பிங் கருவியால் அழுத்திவிட்டால் ஓர் இழைகூடச் சிதறாது. சிலர் ஃபெரூலுக்குப் பதிலாக முனையில் ஈயம் வைத்து சால்டர் செய்துவிடுவார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால், ஈயம் கலந்த அந்த முனை ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக நாளாகத் தட்டையாகும். ஸ்க்ரூ தானாக லூஸாகும்.

இறுக்கிய பிறகு ஒவ்வோர் ஒயரையும் மெதுவாக இழுத்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். இரண்டு விநாடி வேலை. கையோடு வந்தால் இப்போதே வரட்டும் என்பதுதான் கணக்கு. பிறகு இரண்டு முனையிலும் லேபிள். 'முதல் மாடி, பின் கதவு, எக்ஸிட் பட்டன்' என்று எழுதி ஒட்டினால், இரண்டு வருடம் கழித்து வரும் இன்னொருவர் தேடி அலைய வேண்டாம். லேபிள் இல்லாத பெட்டியில் பழுது பார்க்க வருபவர், ஒவ்வோர் ஒயராகக் கழற்றித்தான் கண்டுபிடிப்பார். திரும்ப மாட்டும்போது தவறு நடக்க அதுவே காரணமாகும்.

இன்னொரு சின்னப் பொருள், டையோடு. மேக்னெட்டிக் லாக்கின் மின்சாரத்தை வெட்டும் நொடியில், அதன் சுருளிலிருந்து ஓர் அதிர்ச்சி மின்னழுத்தம் திரும்பி வரும். அது ரிலேவைக் கரிக்கும், பேனலை ஹேங்க் ஆக்கும். பூட்டின் இரு முனைகளுக்கு இடையே ஒரு டையோடைப் போட்டால் அது அடங்கும். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஷார்ட் ஆகிவிடும். சில பூட்டுகளில் இந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கும் என்பதால், கூடவே வரும் குறிப்பேட்டைப் பார்த்துப் போடுவது நல்லது.

பெட்டியில் கேபிள் நுழையும் ஓட்டைகளை மூடுவதும் இதே வேலையில் சேரும். பல்லியும் எறும்பும் கதகதப்பான பெட்டியைத் தேடி வரும். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் செம்பு முனை பச்சை பூத்துவிடும்.

உங்கள் கதவைச் சோதிப்பது எப்படி?

பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. நீங்களாகத் திறக்க வேண்டாம். ஆனால், அலுவலக நிர்வாகியிடமோ, விடுதி வார்டனிடமோ, அப்பார்ட்மென்ட் சங்கத்திடமோ டெக்னீஷியனை வைத்து இவற்றைச் சோதிக்கச் சொல்லலாம்.

1. மெயின் சப்ளையை அணைத்துவிட்டு, பேட்டரியில் கதவு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸிட் பட்டன் அப்போதும் வேலை செய்ய வேண்டும்.

2. பேட்டரியில் ஓடும்போதே பச்சைப் பெட்டியை அழுத்த வேண்டும். அந்த நொடியே கதவு விட வேண்டும். பச்சைப் பெட்டியே இல்லையென்றால், அதைப் போடுவதுதான் முதல் வேலை.

3. பேனலை முழுவதும் அணைத்துவிட்டு, பூட்டுக்கு மட்டும் மின்சாரம் விட்டு மறுபடி பச்சைப் பெட்டியை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது திறக்கவில்லை என்றால், பெட்டியின் ஒயர் பேனல் வழியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

4. தீ எச்சரிக்கை அமைப்பு இருக்கும் கட்டடம் என்றால், அதைச் சோதிக்கும் அன்று எல்லாக் கதவுகளும் விடுபடுகின்றனவா என்று ஆள் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

5. பேட்டரி எந்த வருடம் போட்டது? இந்த வகை பேட்டரிகளின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடம்.

6. வெளியே இருக்கும் ரீடர் சுவரில் ஆடுகிறதா? ஆடினால் அதன் ஒயர்களும் ஆடுகின்றன.

7. இரவில் பின்பக்க எக்ஸிட் கதவில் வாட்ச்மேன் சங்கிலியும் பூட்டும் போடுகிறாரா? அப்படிப் போட்டால், மேலே சொன்ன ஆறும் வீண்.

கொட்டேஷனில் கேட்க வேண்டியவை

கதவுக்கு ஆக்சஸ் கன்ட்ரோல் போட கொட்டேஷன் வாங்கும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ரீடர் என்ன பிராண்டு, என்ன விலை? கேபிளின் அளவு என்ன, ஃபெரூல் போடுவீர்களா, லேபிள் ஒட்டுவீர்களா, எந்த ஒயர் எந்த ஸ்க்ரூவில் இருக்கிறது என்ற வரைபடத்தைப் பெட்டிக்குள் ஒட்டித் தருவீர்களா, எமர்ஜென்சி ரிலீஸ் பூட்டின் லைனிலேயே வருகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கத் தொடங்கினால், வேலை செய்பவரும் அதற்கான நேரத்தை ஒதுக்குவார். நேரம் ஒதுக்காமல் நல்ல டெர்மினேஷன் வராது.

வேலை முடிந்ததும் ஒப்படைக்கும் நாளில், கார்டு காட்டிக் கதவைத் திறந்து காட்டுவதோடு கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். அது உள்ளே வருவதற்கான சோதனை. கரன்ட்டை அணைத்து, பேனலை அணைத்து, உள்ளே நிற்கும் ஒருவர் கார்டு இல்லாமல், யாருடைய உதவியும் இல்லாமல், சில நொடிகளில் வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.